செருப்புக்குத் தக்கபடி காலைத் தறித்த கதை

1932ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆம் நாள், அதிகாலை 1 மணி. இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரி மாவட்டம் என்று வழங்கும் மலைநாட்டில், கெஸ்விக் என்னும் சிற்றூரின் மூட் ஹால் கட்டடத்தருகிலிருந்து பாப் கிரஹாம் என்பவர் புறப்பட்டார். அவ்வூரில் விருந்தினர் விடுதி நடத்திப் பிழைத்தவர் அவர். இரவும் பகலும் ஓட்டமும் நடையுமாக 42 சிகரங்களை ஏறி இறங்கி, 23 மணி 39 நிமிடத்தில் அதே இடத்துக்குத் திரும்பினார். இன்று அவர் பெயரால் வழங்கும் அந்தச் சுற்று ஏறத்தாழ 106 கிலோமீட்டர் நீளம். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 8,200 மீட்டருக்குக் குறையாது. உடம்பில் ஒரு பைஜாமா மேற்சட்டை, நீண்ட அரைக்கால் சட்டை. காலில் டென்னிஸ் ஆடுவோர் அணியும் கான்வாஸ் ஷூ. அந்த ஷூ தேய்ந்துவிடக் கூடாதென்று, ஒத்திகைக்காக மலையேறிய நாட்களில் அவர் வெறுங்காலோடு போனார் என்று அப்பகுதியில் இன்றும் சொல்வார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியே நம்மை இக்கட்டுரைக்கு இழுத்து வந்தது. வெறுங்காலால் மலையைப் படித்து முடித்தபின் காலணியை மாட்டிக்கொண்ட மனிதர் அவர். இன்று அதே மலைகளுக்கு முதன்முறையாக ஓடப் போகிறவர் எதிர்த்திசையில் வருகிறார். முதலில் கடை, பிறகு காலணி, அதன்பின் மலை. கடையில் அவர் முதலில் சொல்வது ஓர் எண். எட்டு, ஒன்பது, ஒன்பதரை. அந்த எண்ணின் மேல் அவர் வைத்திருக்கும் நம்பிக்கை எங்கிருந்து வந்தது, மலைச்சரிவில் அது ஏன் பொய்த்துப் போகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் அந்த ஓட்டத்தைப் பற்றி. 'ஃபெல்' என்பது வடக்கு இங்கிலாந்தில் மரமற்ற மேட்டுநிலத்தையும் மலையையும் குறிக்கும் சொல். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பழைய நார்ஸ் மொழியில் மலையைக் குறித்த 'ஃப்யல்' என்பதன் வழிவந்தது. இம்மலைகள் உயரத்தால் அச்சுறுத்துபவை அல்ல. இங்கிலாந்திலேயே உயர்ந்ததான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர்தான். நம் தொட்டபெட்டா அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அச்சம் தரையில் இருக்கிறது. கட்டி கட்டியாக முளைத்த புல், முழங்கால்வரை உள்வாங்கும் கரிச் சேறு, பெரணிப் புதர், காலடியில் நழுவி ஓடும் சரளைச் சரிவு, பாசி பிடித்து எப்போதும் ஈரமாயிருக்கும் பாறை. பந்தயங்களில் பாதை பல இடங்களில் குறிக்கப்பட்டிருக்காது. ஒரு சிகரத்திலிருந்து அடுத்த சிகரத்துக்கு எவ்வழியும் போகலாம். மிகக் கடினமான வகுப்பில் ஒரு பந்தயம் சேர வேண்டுமென்றால் கிலோமீட்டருக்குக் குறைந்தது 50 மீட்டர் ஏற்றம் இருக்கவேண்டும். தார்ச்சாலை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இப்படிப்பட்ட தரையில் பாதம் ஒரு நிமிடத்துக்குள் நூறு விதமாகச் சாய்கிறது.

இனி எண்ணின் கதைக்கு வருவோம். செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கிறதா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. ஐரோப்பியக் காலணித் தொழிலின் வரலாற்றில் அந்தக் கேள்விக்கு நெடுங்காலம் 'ஆம்' என்பதே விடையாக இருந்திருக்கிறது.

ஆங்கிலேய அளவுமுறையின் அலகு ஒரு வாற்கோதுமை மணி. மூன்று மணிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம் என்பது இடைக்கால இங்கிலாந்தின் கணக்கு. எனவே ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு, அதாவது 8.5 மில்லிமீட்டர் அளவுக்கு வேறுபாடு. அரை எண் என்றால் அதில் பாதி. நம் ஊர்க் கடைகளில் நாம் 7, 8 என்று கேட்பதும் இந்த வாற்கோதுமையைத்தான் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஐரோப்பாக் கண்டத்தின் 42, 43 போன்ற எண்கள் வேறு கணக்கு. அங்கே ஒரு படி என்பது சென்டிமீட்டரில் மூன்றிலிரண்டு பங்கு. இரண்டு முறைகளும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. பெட்டியின் மேல் இரண்டையும் அருகருகே அச்சிடும்போது ஏதேனும் ஒன்று சற்றே பொய் சொல்கிறது.

ஆனால் முதன்மையான சிக்கல் அதுவன்று. இந்த எண்கள் காலை அளப்பவை அல்ல. அவை லாஸ்ட்டை அளப்பவை. லாஸ்ட் என்பது மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த பாத வடிவக் கட்டை; அதன்மேல் தோலையோ துணியையோ இழுத்துப் போர்த்தித்தான் காலணி உருவாகிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணித் தொழிற்கூடங்களில் வேலை பார்ப்போருக்கு இச்சொல்லை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலேய முறைப்படி எட்டாம் எண் என்றால் 11 அங்குல நீளமுள்ள லாஸ்ட். அந்தப் 11 அங்குலத்துக்குள் எவ்வளவு நீளமான கால் இருக்கலாம், விரல்நுனிக்கு முன் எவ்வளவு வெற்றிடம் விடவேண்டும், அகலம் என்ன, புறங்கால் எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் செய்பவர் தீர்மானிக்கிறார். ஆகவே ஒரு நிறுவனத்தின் எட்டும் இன்னொன்றின் எட்டும் ஒன்றாயிருக்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று குறைப்படுவோரை நாம் கண்டிருக்கிறோம். பாவம், அவர் கையில் இருப்பதே மற்றொருவர் செய்த கட்டையின் எண்தான்.

இதைவிட விந்தையானது ஒன்றுண்டு. 17ஆம் நூற்றாண்டில் குதி உயர்ந்த காலணிகள் பரவியபோது, இடக்கட்டை வலக்கட்டை என்று இணையிணையாகச் செதுக்குவது செலவு மிக்கதாகப் பட்டது. விளைவாக, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஐரோப்பாவில் பெரும்பாலான காலணிகளுக்கு இடமும் வலமும் கிடையாது. இரண்டும் ஒரே அச்சு, நடுவில் கூர். எதை எந்தக் காலிலும் மாட்டலாம். கால்தான் வளைந்துகொடுக்க வேண்டும். 1781இல் நெதர்லாந்தின் உடற்கூற்றறிஞர் பெட்ரஸ் கம்பர், காலணிக்கு மிகச் சிறந்த வடிவம் எது என்று ஒரு நூலே எழுதினார். குதிரையின் குளம்பைப் பற்றியெல்லாம் சிந்தித்த அறிஞர்கள் மனிதனின் பாதத்தைக் கண்டுகொள்ளவில்லையே என்பது அவருடைய மனக்குறை. 19ஆம் நூற்றாண்டில்தான் இடவலம் மெல்லத் திரும்பி வந்தது. அமெரிக்காவில் தாமஸ் பிளான்சார்ட் துப்பாக்கிக் கட்டைகளைக் கடைவதற்காக 1819ஐ ஒட்டி உருவாக்கிய படியெடுக்கும் கடைசல் எந்திரம், காலணிக் கட்டைகளையும் கடையத் தொடங்கியபின், ஒரு வடிவத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் வேண்டிய எண்ணிக்கையில் செய்வது எளிதாயிற்று.

1858இல் சூரிக் நகரின் உடற்கூற்றுப் பேராசிரியர் ஹெர்மன் ஃபொன் மையர் இன்னும் ஒரு படி மேலே போனார். நலமான பாதத்தில் பெருவிரலின் நடுவழியே ஒரு கோடு வரைந்து பின்னோக்கி நீட்டினால் அது குதிகாலின் நடுவைத் தொட வேண்டும் என்றார் அவர். அவர் காலத்துக் காலணிகளில் கூர் நடுவில் இருந்ததால் பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் தள்ளப்பட்டு, அதன் அடிமூட்டு வெளியே புடைத்து நின்றது. அந்தப் புடைப்பைக் காலின் குறை என்று கருதிய உலகத்துக்கு, அது காலணியின் குறை என்று காட்டியவர் அவர். மையரின் கோட்டை நாம் இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. கடையில் காலணியைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்து, பெருவிரலின் இடம் குதிகாலுக்கு நேராக இருக்கிறதா, உள்நோக்கிச் சாய்கிறதா என்று ஒரு கணம் கவனிப்பவருக்கு இன்றும் அது பயன்படும்.

இயந்திரங்களும் வந்தன. 1920களில் அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரைச் சேர்ந்த சார்லஸ் பிரானக் செய்த உலோக அளவி, பாதத்தின் நீளத்தோடு அகலத்தையும், குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரையுள்ள தொலைவையும் அளந்தது. மூன்றாவதாகச் சொன்ன அளவு மிக நுட்பமானது. இருவரின் பாதம் ஒரே நீளமாயிருக்கலாம். ஒருவருக்கு விரல்கள் நீளம், மற்றவருக்கு நடுப்பாதம் நீளம். பாதம் மடங்கும் இடமும் காலணி மடங்கும் இடமும் ஒன்றாக அமைய வேண்டுமானால் இந்த அளவு வேண்டும். அதே காலத்தில் வந்த இன்னொரு கருவியின் கதை சிரிப்பையும் நடுக்கத்தையும் சேர்த்தே தருவது. பெடஸ்கோப் என்னும் ஊடுகதிர்ப் பெட்டியில் காலணி அணிந்த காலை நுழைத்தால், உள்ளே எலும்புகள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்பதைத் திரையில் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், கடைக்காரருக்கு வியாபாரம். கதிர்வீச்சின் தீங்கு உணரப்பட்டு, 1957இல் பென்சில்வேனியா மாநிலம் அதைத் தடைசெய்தது. பிறகு மற்ற இடங்களிலும் மறைந்தது. எலும்பைப் பார்த்த அந்தக் கருவியால் தோலையும் தசையையும், அவை எங்கே அழுந்துகின்றன என்பதையும் பார்க்க முடியவில்லை என்பது தனி வேடிக்கை.

இவ்வளவும் நடைக்கான காலணியின் கதை. ஓட்டத்துக்கான கதை மான்செஸ்டருக்கு வடமேற்கே உள்ள போல்ட்டன் என்ற பஞ்சாலை நகரில் நடந்தது. அங்கே 1895இல் ஜோசப் வில்லியம் ஃபாஸ்டர் என்பவர் ஆணி பதித்த ஓட்டக் காலணிகளைக் கையால் செய்யத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தை வென்ற ஹரால்ட் ஆப்ரகாம்ஸ் அணிந்தது அவருடைய பட்டறைக் காலணி. அவருடைய பேரர்கள் இருவர் 1958இல் பிரிந்து தொடங்கிய நிறுவனமே பின்னாளில் ரீபாக் ஆயிற்று. அந்தக் கதை உலகறிந்தது. நமக்கு வேண்டியவர், அதே ஃபாஸ்டர் பட்டறையில் தொழில் பழகிய நார்மன் வால்ஷ். 1948 இலண்டன் ஒலிம்பிக்குக்காகப் பிரிட்டிஷ் வீரர்களின் காலணிகளைச் செய்தவர்களில் அவரும் ஒருவர். அப்போது அவர் பதின்வயதைத் தாண்டவில்லை. 1961இல் போல்ட்டனிலேயே தம் பெயரில் தனிப்பட்டறை வைத்தார்.

அப்போது மலையோடிகளின் கால்களில் என்ன இருந்தது? அவரவர்க்குக் கிடைத்தது. வாஸ்டேல் பள்ளத்தாக்கின் ஆட்டுப்பண்ணையாளர் ஜாஸ் நெய்லர், 1960இல் தம் ஊர் வழியே நடந்த மலைப் போட்டியொன்றில் முதன்முறை கலந்துகொண்டபோது, வேலைக்கு அணியும் கனத்த பூட்ஸோடும் முழங்காலளவில் வெட்டிவிட்ட நீளக் கால்சட்டையோடும் ஓடினார். அதே நெய்லர் 1975இல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்களைத் தொட்டார். 2024இல் தம் 88ஆம் வயதில் மறையும்வரை மலையோட்டத்தில் அவருக்கு இருந்த இடம் யாருக்கும் இருந்ததில்லை எனலாம். பூட்ஸ் கணுக்காலை மூடிக் காக்கும். ஆனால் நீரை வாங்கினால் வெளியே விடாது. ஒவ்வொரு அடியிலும் அந்தக் கனத்தைத் தூக்க வேண்டும். மறுபுறம் கான்வாஸ் ஷூ இலேசானது, கால் வடிவத்துக்கு இணங்குவது. ஈரப்புல்லில் பிடிப்பே கிடையாது. (கான்வாஸ் ஷூவுக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'பிளிம்சால்' என்ற பெயர், கப்பலில் எவ்வளவு சரக்கேற்றலாம் என்று காட்டும் கோட்டுக்காகப் போராடிய நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சாலுடையது. ஷூவைச் சுற்றியோடும் ரப்பர்ப் பட்டை அந்தக் கோட்டை நினைவூட்டியதாம். அதற்குமேல் நீர் போனால் மூழ்கியதாகக் கணக்கு. ஏரி மாவட்டத்தில் அது நாளும் மூழ்கியிருக்கும்.)

பூட்ஸின் பிடிப்பும் கான்வாஸின் இணக்கமும் ஒன்றில் சேர வேண்டும். அந்தத் தேவைக்கு வால்ஷின் பட்டறையிலிருந்து வந்த விடையைத்தான் இன்றும் மூத்த ஓட்டக்காரர்கள் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். கெண்டல் நகரில் விளையாட்டுப் பொருட்கடை வைத்திருந்த பீட் பிளாண்ட் தாமே மலையோடி. பந்தயம் நடக்கும் இடங்களுக்கு வண்டியில் சரக்கேற்றிச் சென்று விற்றவர். எந்தச் சரிவில் எந்தக் காலணி வழுக்கியது, எது கிழிந்தது என்பது அவர் காதுக்கு அன்றே வந்துவிடும். அந்தச் செய்தி போல்ட்டன் பட்டறைக்குப் போகும். அப்படி உருவான காலணி அவருடைய பெயரின் முதலெழுத்துகளான 'பி.பி.' என்பதையே பெயராகத் தாங்கியது. தாழ்ந்த குதி, மெல்லிய இடையடுக்கு, சிறு கூம்புகளைப் போன்ற ரப்பர்ப் பற்கள். 1980களில் பந்தயக் களங்களில் எங்கு திரும்பினாலும் அந்த அடித்தடமே சேற்றில் பதிந்திருக்கும் என்று சொல்வார்கள்.

இந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ஓடுபவர், விற்பவர், செய்பவர் ஆகிய மூவரும் ஒரே வட்டாரத்தினர், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பொருத்தம் என்பது அப்போது பெரும்பாலும் செய்பவரின், விற்பவரின் பொறுப்பு. ஓடுபவரின் காலைப் பார்த்து, உனக்கு இது வேண்டாம், அதை எடு என்று சொல்ல ஆள் இருந்தது. அதற்கும் ஒரு புறநடை உண்டு. 1977இல் ஜீன் டாஸ் என்ற பெண்மணி கிரஹாமின் சுற்றை 24 மணி நேரத்துக்குள் முடித்த முதல் பெண்ணானார். அக்காலத்தில் மலையோடிய பெண்களில் பலருக்கு வாய்த்தது, ஆண் பாதத்துக்கென்று செதுக்கிய கட்டையின் சிறிய எண்தான். பெண்களின் பாதத்தில் பொதுவாக முன்பாதத்தின் அகலத்தை நோக்கக் குதிகால் குறுகலானது. எண்ணைக் குறைத்தால் முன்னே இறுகும். கூட்டினால் பின்னே ஆடும். நெருக்கமான அந்த வட்டாரத்தின் அறிவும் தன் வட்டத்துக்குள் இல்லாதவரின் காலைப் பார்க்கத் தவறிவிட்டது.

2003இல் வேய்ன் ஈடி என்ற ஜிம்பாப்வேக்காரர் இங்கிலாந்தின் டரம் வட்டாரத்தில் இனோவ்-8 நிறுவனத்தைத் தொடங்கினார். முதற்காலணியின் பெயர் மட்ராக் 290. அந்த 290 அதன் கிராம் எடை. காலணியின் பெயரிலேயே எடையைப் பொறித்தது வாங்குவோரின் மனத்தைப் புதிய திசையில் திருப்பியது. எக்ஸ்-டேலன் 212 போன்றவை வந்தபோது இளைஞர்கள் கிராமைப் பற்றியே பேசினர். 2018இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கிராஃபீன் கலந்த ரப்பரை அடிப்பகுதியில் கொண்டுவந்ததும் அதே நிறுவனம். இவை மெய்யான முன்னேற்றங்கள். ஆயினும் அந்நிறுவனம் செய்தவற்றுள் நாம் மிகப் பயனுள்ளதாகக் கருதுவது வேறொன்று. நீள எண்ணோடு, முன்பாதத்தின் அகலத்தைக் காட்டும் 1 முதல் 5 வரையிலான ஓர் அளவையும் காலணிக்குத் தந்தார்கள். 1 மிகக் குறுகல், 5 மிக அகலம். 'எட்டு' என்ற ஒற்றை எண் போதாது என்பதைச் செய்பவரே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

செய்பவர் இப்போது தொலைவில் இருக்கிறார். பிளாண்டின் வண்டிபோல் ஒன்று எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பெட்டி அஞ்சலில் வருகிறது. ஆகவே முன்பு இருவர் தம் கையால் அறிந்து வைத்திருந்ததை, முதல் இணையை வாங்குபவர் தாமே அறிய வேண்டியிருக்கிறது. அந்த அறிவு எதைப் பற்றியது?

தார்ச்சாலையில் ஓடுபவருக்குக் கால் முன்னோக்கி மட்டுமே போகிறது. அவருக்கு விரல்நுனிக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடச் சொல்வது வழக்கம். சற்றுத் தளர்வாயிருந்தாலும் குற்றமில்லை. மலையில் அந்த அறிவுரையை அப்படியே கொண்டுபோனால் ஆபத்து. செங்குத்தான புற்சரிவில் இறங்கும்போது உடலின் எடை முழுவதும் பாதத்தைக் காலணியின் மூக்குக்குள் தள்ளுகிறது. நடுப்பாதத்தில் பிடிப்பில்லாவிட்டால் விட்ட இடமெல்லாம் பாதம் வழுக்கிப்போய் விரல் இடித்துக்கொள்ளும். ஆயிரம் முறை இடித்தால் நகத்தின் கீழ் குருதி கட்டி நகம் கறுக்கும். பெரிய எண் வாங்கியும் நகம் கறுத்ததே என்று வியப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நகத்தைக் காப்பது முன்னால் விட்ட வெற்றிடம் என்பதைவிட, புறங்காலின் மேல் கயிறு பிடிக்கும் பிடி என்பதே சரி.

இறக்கத்தைவிடக் கொடியது குறுக்கே போவது. மலையின் இடுப்பைச் சுற்றிச் சரிவின் குறுக்காக ஓடும்போது, காலணி சரிவைப் பற்றி நிற்கிறது. உள்ளே பாதம் பள்ளத்தை நோக்கிச் சரிகிறது. பாதத்துக்கும் காலணிக்கும் இடையில் விரற்கடை இடமிருந்தால் போதும், பாதம் அடித்தட்டின் விளிம்புக்கு மேலே போய்க் கணுக்கால் மடங்கிவிடும். தடித்த அடியுள்ள சாலைக் காலணி இங்கே இருமடங்கு தீங்கு. குதிகால் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு நீளமான நெம்புகோல் கணுக்காலைப் புரட்டக் கிடைக்கிறது. ஃபெல் காலணிகள் தாழ்வாகவும் மெல்லியனவாகவும் இருப்பது சிக்கனத்தாலன்று. கூடாரம் விட்டுக் கூடாரம் போக, மூன்றுநாள் சேற்றில் தனியே திரும்பி வர வேண்டிய இடத்தில் கணுக்கால் போனால் என்ன ஆகும் என்பதை அம்மலைகளின் மீட்புக் குழுவினர் நன்கு அறிவார்கள்.

ஏற்றத்தில் குதிகால் எழும்புகிறது. கொப்புளம் வெறும் உராய்வால் வருவதென்று நாம் நினைக்கிறோம். உண்மையில், தோல் காலுறையோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்வதால் தோலின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. நனைந்த தோல் இன்னும் இறுக ஒட்டும். காலணி ஐந்தாம் நிமிடத்திலேயே நனைந்துவிடுகிற நாட்டில், குதிகாலின் அசைவை நிறுத்துவது தவிர வேறு மருந்தில்லை.

அப்படியானால் இறுக்கமே நல்லதா? இங்கேதான் எந்த ஓட்டம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. யார்க்ஷயரின் பர்ன்சால் பந்தயத்தில் ஏர்னஸ்ட் டால்செல் 1910இல் மலையேறி இறங்க எடுத்துக்கொண்டது 12 நிமிடம் 59.8 வினாடி. 1977 வரை அதை யாராலும் முறியடிக்க முடியவில்லை. பதின்மூன்று நிமிட ஓட்டத்துக்குப் பாதத்தை உறைபோல் கவ்வும் காலணி நல்லது. கிரஹாமின் சுற்று ஒரு நாள் முழுவதும் நீள்வது. மணிக்கணக்கில் ஓடினால் பாதம் வீங்கும், விரியும். காலையில் கவ்விப் பிடித்தது மாலையில் கழுத்தை நெரிக்கும். முதல் இணை வாங்குபவர் இந்த இரண்டு எல்லைகளிலும் இல்லை. ஒரு மணி, இரண்டு மணி ஓடுபவர். அவருக்கு நடுப்பாதமும் குதிகாலும் அசையாமல் இறுகியிருக்க வேண்டும். விரல்கள் மட்டும் விரிந்து மடங்க இடம் வேண்டும். நுனியில் சுண்டுவிரலின் அகலம் போதும் என்பது நம் கருத்து. நெடுநாள் ஓட்டத்துக்கு அரை எண் கூட்டுவது பிற்பாடு யோசிக்க வேண்டியது.

நம்மவர்க்கு இதில் கூடுதல் கவனம் தேவை. சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்று கண்டது. இந்தியாவுக்கென்று தனி அளவுமுறையும் முன்மொழியப்பட்டது. அகலம் போதாதபோது நம்மவர் செய்வது நீளத்தில் ஓர் எண் கூட்டுவது. தெருவில் அது பரவாயில்லை. இங்கிலாந்தில் படிக்கவோ பணியாற்றவோ சென்று, அம்மலைகளில் ஓட ஆசைப்படும் நம் இளைஞர் அதே பழக்கத்தைக் கொண்டுபோனால், மேலே சொன்ன குறுக்குச் சரிவு அவருக்காகக் காத்திருக்கிறது. அவர் கேட்க வேண்டியது அகன்ற கட்டையில் செய்த காலணி, நீண்ட கட்டையில் செய்ததை அன்று.

இனிக் கடை. பிற்பகலில் போவது நல்லது. காலையைவிடப் பாதம் அப்போது சற்றுப் பெருத்திருக்கும். ஓடும்போது அணியும் அதே மெல்லிய காலுறையோடு போக வேண்டும். இரண்டு கால்களையும் நின்றபடி அளக்கச் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருக்கும் கால் குறுகியது. இரண்டில் பெரியதற்கே காலணி. பிறகு உள்ளே இருக்கும் மெத்தைத் தகட்டை உருவியெடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நின்று பார்த்தால், பாதம் எங்கே விளிம்பைத் தாண்டி வழிகிறதென்று கண்ணுக்கே தெரியும். எந்த அளவியும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது. காலணியை மாட்டிக் குதிகாலைப் பின்னுக்குத் தட்டி அமர்த்தியபின் கயிற்றைக் கட்ட வேண்டும். விரலைத் தட்டி முன்னுக்குத் தள்ளிக் கட்டுவது பலர் செய்வது. தட்டையான தரையில் நடந்து பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. மலையோட்டக் கடைகள் சிலவற்றில் இதற்கென்றே ஒரு சாய்தளம் இருக்கும். இல்லையேல் படிக்கட்டு போதும். இறங்கும்போது விரல் முட்டுகிறதா. படியின் விளிம்பில் பக்கவாட்டில் நின்று எடையைச் சாய்த்தால் பாதம் உள்ளே நழுவுகிறதா. நுனிக்காலால் ஏறும்போது குதி எழும்புகிறதா. கயிற்றை முழுவதும் இழுத்துக் கட்டியும் கண்களின் இரு வரிசைகள் ஒன்றையொன்று முட்டினால், அந்தக் கட்டை உங்கள் காலுக்குப் பருமன் அதிகம். கட்டவே முடியாமல் அகன்று நின்றால் குறைவு. தோலைப்போல் இக்காலத்துச் செயற்கைத் துணி அவ்வளவாக விரிந்து கொடுக்காது; "போகப் போகச் சரியாகிவிடும்" என்ற கடைச்சொல்லை இங்கு நம்ப வேண்டியதில்லை.

அடிப்பற்களைப் பற்றியும் ஒரு சொல். ஆழமான பற்கள் சேற்றுக்கும் புல்லுக்கும்; ஈரப்பாறைக்கு வேண்டியது பல்லைவிட மெத்தென்ற ரப்பர். மெத்தென்றது விரைவில் தேயும். ஏரி மாவட்டத்துக்கு மெத்தென்றதை எடுத்து, அதைத் தார்ச்சாலையில் ஓட்டித் தேய்க்காமல் இருப்பதே வழி.

வாங்கியபின் முதல் சில ஓட்டங்கள் குறுகியனவாக, வீட்டுக்கருகே, கட்டாயம் நனைந்த நிலத்தில் அமையட்டும். முந்தின நாளே நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து அந்த மெத்தைத் தகட்டை மறுபடி உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குதியும் ஐந்து விரல்களும் அதில் கறுத்துப் பதிந்திருக்கும். விரல்தடங்கள் வட்டமாகவும் தெளிவாகவும் இருந்தால் பாதம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. நீளமாக இழுபட்டு மங்கியிருந்தால், அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்தத் தகட்டைக் கையோடு எடுத்துச் செல்லலாம்.